விதை உளுந்தும் ஒட்டுத்தாள் பையும்

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் சம்பா அறுவடைக்கு 5 முதல் 10 நாட்களுக்கு முன், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லில் உளுந்து தெளிக்கிறோம். விதை முளைக்காவிட்டால் மறுமுறை தெளிக்க மண்ணில் ஈரம் இருக்காது. அந்தப் போகம் போனதுதான்.

விதையைக் கெடுப்பது காற்றின் ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கோணிச் சாக்கிலுள்ள காய்ந்த விதையும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முளைப்புத் திறன் குறையும், வண்டும் பற்றும்.

கடைகளில் பளபளப்பான பைகளில் விதை கிடைக்கிறது. இது ஒரே தாள் அல்ல. மூன்றடுக்குப் பையில் வெளியே உள்ள பாலியெஸ்டர் கிழியாமல் காக்கும். நடுவிலுள்ள அலுமினியத் தாள் ஈரத்தைத் தடுக்கும். உள்ளே உள்ள பாலிதீன் சூட்டில் இளகிப் பையின் வாயை மூடும். இவற்றைச் சேர்த்துப் பிடிப்பது பெரும்பாலும் பாலியூரித்தேன் பசை. பசையைப் பூசி, உருளைகளுக்கிடையே அழுத்தி ஒட்டுவார்கள். அது முழுதும் இறுகச் சில நாட்களாகும். சரியாக இறுகாத பையில் தாள்கள் கொப்புளித்துப் பிரியும். எனவே வாங்கும்போது ஓரங்களையும் மடிப்புகளையும் தடவிப் பாருங்கள். கொப்புளமோ பிரிவோ இருந்தால் வாங்க வேண்டாம்.

சொந்த விதை வைத்திருப்போர் 8 சத ஈரத்துக்குக் காயவைத்து, 700 கேஜ் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டலாம். சரியாகக் காயாத விதையை இப்படி அடைத்தால் சாக்கில் வைப்பதைவிட மோசம், புழுங்கிக் கெட்டுவிடும். ஈர அளவை விதைப் பரிசோதனை நிலையத்தில் தெரிந்துகொள்ளலாம்.

எந்தப் பையானாலும், மார்கழியிலேயே 100 விதைகளை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். ஒரு வாரத்தில் 75க்குக் குறையாமல் முளைத்தால் தைரியமாகத் தெளிக்கலாம்.