நட்டு கழன்றும் ஜாயிண்ட் கழலாதது ஏன்?

கேள்வி: என்னிடம் பழைய டாடா 407 இருக்கிறது. சின்னச் சின்ன வேலைகளை வீட்டு வாசலில் நானே பார்த்துக்கொள்வேன். ஸ்டியரிங்கில் ஆட்டம் தெரிந்ததால் டை ராடு எண்டை மாற்ற உட்கார்ந்தேன். ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டையும் முழுக்கக் கழற்றிவிட்டேன். ஜாயிண்ட் அசையவே இல்லை. துருதான் என்று நினைத்து டீசல் ஊற்றி ஊறவிட்டேன். மரை முனையில் சம்மட்டியால் அடித்தும் பார்த்தேன், மரைதான் நசுங்கியது. கேஸ் வைத்துச் சூடாக்கினால் வந்துவிடும் என்கிறார் நண்பர். நட்டே இல்லாதபோது இதைப் பிடித்துக்கொண்டிருப்பது எது? எப்படிக் கழற்றுவது?
— ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: அன்பரே, நட்டு போன பிறகும் வேறு ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சரியாகவே ஊகித்திருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. மீதிப் பாதி, பிடித்திருப்பது துரு அல்ல, ஜாயிண்டின் வடிவம் என்பது. இது புரிந்துவிட்டால் எங்கே அடிக்க வேண்டும், எங்கே அடிக்கக் கூடாது என்பது தானாக விளங்கும். அதுவரை கேஸைப் பற்ற வைக்காதீர்கள்.

துருவைச் சந்தேகிப்பது இயல்புதான். சேற்றிலும் மழையிலும் ஓடிய வண்டி; வெளியே பார்த்தால் செம்பழுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சோதனை சொல்கிறேன். கடையில் வாங்கிய புது ஜாயிண்டைச் சுத்தமான ஸ்டியரிங் ஆர்மில் போட்டு, நட்டை உரிய அளவுக்கு இறுக்கி, அடுத்த நிமிடமே நட்டைக் கழற்றிப் பாருங்கள். பொட்டுத் துருகூட இல்லாத அந்த ஜாயிண்டும் கையோடு வராது. சமையலறையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே துருவுக்கு இடமே இல்லை. அடியை நோக்கிக் குறுகும் வடிவம்தான் இரண்டையும் இறுகக் கவ்வவைக்கிறது.

டை ராடு எண்டிலும் அதே வடிவம்தான். ஜாயிண்டுக்குள் இருக்கும் பந்திலிருந்து நீளும் தண்டை ஸ்டட் என்பார்கள். அதன் நுனியில் மரை இருக்கிறது. மரைக்கும் பந்துக்கும் இடைப்பட்ட பகுதி டேப்பர், அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகக் குறுகும் உருளை. ஸ்டியரிங் ஆர்மின் துளையும் அதே சரிவில் கடையப்பட்டிருக்கும். நட்டை இறுக்கும்போது ஸ்டட் துளைக்குள் ஆப்பு போல இழுக்கப்படுகிறது. ஆகவே நட்டின் முதல் வேலை ஆப்பை உள்ளே இறக்குவது. இறங்கிய பிறகு ஆட்டம் இல்லாமல் பிடித்திருப்பது டேப்பர். நட்டும் ஸ்பிளிட் பின்னும் அது நழுவாமல் காவல் இருக்கின்றன.

எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்று ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம். 16 மில்லிமீட்டர் மரை, 120 நியூட்டன் மீட்டர் முறுக்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 12 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு அது. இதில் ஸ்டட் ஏறத்தாழ 3.8 டன் பலத்துடன் உள்ளே இழுக்கப்படும். 8-க்கு 1 என்ற சரிவுள்ள டேப்பர் (8 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் 1 மில்லிமீட்டர் குறையும்) இந்த இழுப்பைப் பக்கவாட்டு அழுத்தமாகப் பல மடங்கு பெருக்கும். சுற்றிலும் சேர்ந்து ஏறத்தாழ 18 டன் அழுத்தம் துளையின் சுவரில் விழும்.

இவ்வளவு அழுத்தம் இருந்தால், நட்டு போனதும் ஸ்டட் பிதுங்கி வெளியே வந்துவிட வேண்டாமா? சரிவு அதிகமாக இருந்தால் வந்துவிடும். இங்கே சரிவின் கோணம் பக்கத்துக்கு மூன்றரை டிகிரி அளவுதான். இரும்போடு இரும்பு உரசும்போது, வழுக்கத் தொடங்கச் சுமார் எட்டு டிகிரிச் சாய்வாவது வேண்டும். சரிவு அதைவிடக் குறைவாக இருப்பதால் உராய்வு வென்றுவிடுகிறது. இதைத் தானே பூட்டிக்கொள்ளும் டேப்பர் என்பார்கள். டிரில்லிங் மெஷினில் பெரிய பிட்டுகள் திருகே இல்லாமல் நிற்பதும் இதே கணக்கில்தான். அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1860-களில் வகுத்த அந்த மோர்ஸ் டேப்பரின் சரிவு ஏறத்தாழ 20-க்கு 1. நம் மாதிரி ஜாயிண்டை நேராக இழுத்துப் பிடுங்க ஒன்றரை டன் பலம் வேண்டும். பல வருட ஓட்டத்தில் டேப்பர் மேலும் பதிந்திருக்கும். விளிம்பில் துருவும் சேர்ந்திருக்கும். துருவின் பங்கு அந்த அளவுதான்.

டீசல் ஏன் உதவவில்லை என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. இரும்பும் இரும்பும் இவ்வளவு நெருக்கமாக அழுந்திய இடத்தில் எண்ணெய் நுழைய வழியில்லை. நட்டின் மரையையும் ஸ்பிளிட் பின்னையும் இளக்க அது நல்ல உதவி, டேப்பருக்கு அல்ல. மரை முனையில் அடித்ததும் பலிக்கவில்லை. அடியின் பெரும்பகுதியை மரை வாங்கி நசுங்கியது. மீதியை டை ராடு துள்ளியே தின்றுவிட்டது.

இனி வழி. துளையைச் சுற்றியுள்ள கனமான வளையம் டேப்பரால் விரிக்கப்பட்டு, சுருங்கப் பார்த்தபடியே இருக்கிறது. அந்தச் சுருக்கமே ஸ்டட்டை வெளியே தள்ளவும் பார்க்கிறது. தடுப்பது உராய்வு மட்டும். வளையத்தின் பக்கவாட்டில் ஓங்கி ஓர் அடி விழுந்தால், துளை ஒரு கணம் வட்டம் மாறி நீள்வட்டமாகும். அந்தக் கணத்தில் உராய்வின் பிடி விட்டுப்போகிறது, ஸ்டட் வெளியேறிவிடுகிறது. ஆகவே அடி வாங்க வேண்டியது துளையைச் சுற்றிய வளையம்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்; சம்மட்டியிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைப் பறித்துவிடும். ஸ்டட் முனையை அரத்தால் ராவி, நட்டை நாலைந்து மரை மட்டும் ஏற்றி விடுங்கள். ஜாயிண்ட் திடீரென விடுபடும்போது டை ராடு முகத்தில் விழாமல் அது தாங்கும். நட்டு ஏறவே மறுத்தால் ராடைக் கயிற்றால் மேலே கட்டிவிடுங்கள்.

இப்போது கனமான சம்மட்டி ஒன்றை வளையத்தின் ஒரு பக்கத்தில் அண்டக் கொடுத்து, நேர் எதிர்ப்பக்கத்தில் ஒன்றரைக் கிலோ சுத்தியலால் அடியுங்கள். ஸ்டட்டுக்குக் குறுக்காக, நேராக, ஓங்கி விழ வேண்டும். பல தயங்கிய தட்டல்களைவிட ஒரு முழு அடி மேல். சுத்தியலையும் சுத்தியலையும் மோதவிடாதீர்கள். ஒருவர் கடப்பாரையால் ராடை விலகும் திசையில் நெம்பிப் பிடித்திருக்க, மற்றவர் அடித்தால் இன்னும் சுலபம்.

அதற்கும் மசியவில்லை என்றால் புல்லர் போடுங்கள். திருகைத் திருகி ஸ்டட்டை வெளியே தள்ளும் கருவி அது. புல்லரை நன்றாக இறுக்கிவிட்டு, அதே இறுக்கத்தில் வளையத்தின் பக்கத்தில் அடியுங்கள். தள்ளும் பலமும் அதிர்ச்சியும் ஒரே நேரத்தில் சேரும்போது மறுக்கும் ஜாயிண்ட் அரிது. கவை போன்ற இரும்பு ஆப்பை ஆர்முக்கும் ஜாயிண்டுக்கும் இடையில் அடித்து இறக்கும் முறையும் உண்டு. அது ஜாயிண்டை மூடும் ரப்பர் உறையைக் கிழித்துவிடும் என்பதால், தூக்கி எறியப்போகும் ஜாயிண்டுக்கு மட்டும் சரி.

ஓரிடத்தில் மட்டும் சுத்தியலை எடுக்கவே கூடாது. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து இறங்கும் டிராப் ஆர்ம், பாக்ஸின் ஷாஃப்டில் பல்பல்லாக உள்ள வரிகளில் இறுகப் பொருந்தி நிற்கிறது. அங்கே விழும் அடி நேரே பாக்ஸுக்குள் போய், பேரிங்குகளையும் பற்களையும் கெடுக்கும். ஆர்முக்கும் ஷாஃப்டுக்கும் சேர்த்து ஒரு குறி போட்டுவிட்டு, அதற்கென்றே உள்ள கனமான புல்லரை வைத்து, கொஞ்சம் இறுக்கி, பொறுத்து, மறுபடி இறுக்குங்கள். இதற்கும் நட்டு நுனியில் இருக்கட்டும். விடுபடும்போது புல்லரோடு ஆர்மும் பாயும்.

நண்பரின் யோசனைக்கு வருவோம். சூட்டில் வளையம் விரியும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்டியரிங் ஆர்ம் அடித்து உருவாக்கப்பட்டு, சூடேற்றிக் குளிரவைத்துப் பதம் ஏற்றப்பட்ட எஃகு. செந்தணலாகச் சூடாக்கினால் அந்தப் பதம் போய்விடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. பதம் கெட்ட ஆர்ம் முறிந்தால் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. மூடிய ஜாயிண்டுக்குள் இருக்கும் கிரீஸ் கொதித்து வெடிக்கவும் கூடும். புல்லரும் அடியும் சேர்ந்தும் பலிக்கவில்லை என்றால் பட்டறைக்குக் கொண்டுபோய் பிரஸ்ஸில் தள்ளச் சொல்லுங்கள்.

கழற்றியதோடு பாதி வேலைதான் முடிந்திருக்கும். பழைய எண்டைத் திருகி எடுக்கும் முன், இரு பக்க ஸ்டட்டுகளுக்கும் நடுவே உள்ள நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டை ராடின் ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை இருக்கும். அதற்கேற்ற எண்டை வாங்குங்கள். ஸ்டட்டையும் துளையையும் துணியால் துடைத்து உலர்வாகப் பொருத்துங்கள். அடுத்த முறை சுலபமாக வரட்டும் என்று டேப்பரில் கிரீஸ் தடவிவிடாதீர்கள். உங்களைப் படாதபாடு படுத்திய அதே உராய்வுதான் லோடு ஏற்றிய வண்டி பள்ளத்தில் இறங்கும்போது ஜாயிண்டை ஆடாமல் வைத்திருக்கிறது. இறுக்கும்போது ஸ்டட் கூடவே சுற்றினால் ஜாக்கியால் அழுத்திப் பிடித்து இறுக்குங்கள். நட்டு கடைசி வரை ஏறியும் ஸ்டட் துளையில் ஆடினால், துளை தேய்ந்துவிட்டது. ஆர்மையே மாற்ற வேண்டும்.

வண்டியின் கையேடு சொல்லும் முறுக்குக்கு நட்டை இறுக்குங்கள். பின் போகும் துளை நட்டின் வெட்டுக்கு நேராக வராவிட்டால் அடுத்த வெட்டு வரை இன்னும் இறுக்குங்கள். தளர்த்தி நேராக்கவே கூடாது. தளர்த்திய அந்தக் கொஞ்சத்தில் நட்டின் இறுக்கம் போய், டேப்பருக்குக் காவல் இல்லாமல் ஆகிவிடும். புது ஸ்பிளிட் பின் போட்டு, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி எதுவும் உரசவில்லை என்று பாருங்கள். பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய் டோ-இன் பார்த்துவிடுங்கள். முன்சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் எவ்வளவு உள்நோக்கி இருக்கின்றன என்பதே டோ-இன். வீட்டு வாசலில் நாடா பிடித்து அளந்த நீளம் பட்டறை வரை போகப் போதும். லோடு ஏற்ற அது போதாது.