ஜப்பானிய மொழிப் பாடம்: ‘எத்தனை முறை?’ என வினவுதல்

ஜப்பான் 2019 ஏப்ரல் முதல் வழங்கிவரும் திறன் பணியாளர் விசாவுக்குரிய துறைகளுள் முதியோர் பராமரிப்பும் ஒன்று. இன்சீனிலிருந்து அப்பணிக்கு ஆயத்தமாவோர் பொதுவான மொழித்தேர்வோடு பராமரிப்புக்குரிய மொழித்தேர்விலும் தேற வேண்டும். மருந்து எத்தனை வேளை, குளியல் வாரத்துக்கு எத்தனை நாள் என்பவை அங்கு அன்றாட வினாக்கள். பிழையாக விளங்கிக்கொண்டால் துன்புறுபவர் முதியவரே.

‘ஒரு நாளைக்கு எத்தனை முறை?’ என்பது ஜப்பானியத்தில் ‘இச்சிநிச்சி நி நன்க்காய் தெஸ் க்கா’ ஆகும். ‘இச்சிநிச்சி’ ஒரு நாள், ‘நி’ தமிழின் ‘கு’ உருபு, ‘நன்’ எத்தனை, ‘க்காய்’ முறை. சொல் வரிசை தமிழை அப்படியே ஒத்திருப்பதால், தமிழில் எண்ணிப் பேசுவோருக்கு இவ்வினா எளிது. (இத்தகைய ஒற்றுமைகளைக் கொண்டே சுசுமு ஓனோ இரு மொழிகளுக்கும் உறவுண்டு என வாதிட்டார், மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை.) வேறுபாடு இறுதியில் உள்ளது. தமிழில் ‘எத்தனை’ வந்தபின் வினாவிகுதி தேவையில்லை. ஜப்பானியத்தில் மரியாதையாக வினவும்போது ‘க்கா’ சேர்ப்பர். வாரத்துக்கு எனில் ‘ஷூ நி’, மாதத்துக்கு எனில் ‘த்சுக்கி நி’.

மருந்து உறையில் ‘நி’ இராது; ‘இச்சிநிச்சி சன்க்காய், ஷொக்குகோ’ என்றே காணப்படும். ஒரு நாளைக்கு மூன்று முறை, உணவுக்குப் பின் என்பது பொருள். ‘நன்க்காய்’ என்பதோடு ‘மோ’ சேர்ந்து ‘நன்க்காய்மோ’ என வந்தால் அது வினாவன்று. ‘எத்தனையோ முறை’ என்று பொருள்படும்.

கற்போர் மிகுதியும் இடறும் இடம் ‘ஒக்கி’ என்னும் சொல். ‘இச்சிநிச்சி ஒக்கி’ என்பது தமிழின் ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ என்பதே. ‘ஃபுத்ஸுக்கா ஒக்கி’ எனில் இரண்டு நாள் விட்டு மூன்றாம் நாள். திங்களன்று மருந்திட்ட புண்ணுக்கு அடுத்து வியாழனன்றுதான் இட வேண்டும், புதனன்று அன்று. ‘விட்டு’ என்பதை நினைவிற்கொண்டால் நாள் கணக்கு தவறாது.

ஆயினும் மணிக்கணக்கில் இவ்விதி பொருந்தாது. ‘ரொக்குஜிகன் ஒக்கி’ என்பது ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றே கொள்ளப்படும். காலை ஆறு மணிக்குப் பின் நண்பகல் பன்னிரண்டு. வாரக்கணக்கிலோ ஜப்பானியரிடையேயும் கருத்து வேறுபடும்: ‘இஷ்ஷூகன் ஒக்கி’ என்றால் சிலர் வாரந்தோறும் என்பர், சிலர் ஒரு வாரம் விட்டு என்பர். ஆதலின் ‘கொத்தொ’ என்னும் சொல்லைக் கையாளுதல் பாதுகாப்பானது. இதன் முதலொலி ‘கங்கை’யின் முதலொலி போன்றது. ‘மிக்கா கொத்தொ’ மூன்று நாளுக்கு ஒரு முறை. அதாவது முன்சொன்ன ‘ஃபுத்ஸுக்கா ஒக்கி’யும் இதுவும் ஒன்றே. பணியிடத்தில் எவரேனும் ‘ஒக்கி’ எனக் கூறினால், அடுத்த முறை எந்நாள் என்பதை ‘த்சுகி வா இத்ஸு தெஸ் க்கா’ என வினவித் தேதியைக் குறித்துக்கொள்ளலாம். அவ்வாறு கேட்பதை எவரும் குறையாகக் கருதார்.

ரயிலுக்கு ‘க்காய்’ பயன்படாது. இன்சீன் நிலையத்தில் வட்ட ரயில் மணிக்கு எத்தனை என்று வினவுவதாயின், நீண்ட பொருள்களை எண்ணும் சொல்லைக்கொண்டு ‘இச்சிஜிகன் நி நன்பொன்’ எனல் வேண்டும்.