திருச்சியிலிருந்து பலாலிக்கு எவ்வளவு நேரம்?

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்று பள்ளியில் படித்தோம். 2025 மார்ச்சில் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் விமானச் சேவை தொடங்கியது. அதில் இக்கணக்கைப் பொருத்திப் பார்ப்போம்.

திருச்சி நிலையம் 10 பாகை 46 நிமிட வட அட்சம், 78 பாகை 43 நிமிடக் கிழக்குத் தீர்க்கம்; பலாலி 9 பாகை 48 நிமிடம், 80 பாகை 4 நிமிடம். (இவை கோண நிமிடங்கள், கடிகார நிமிடங்கள் அல்ல.) அட்ச வேறுபாடு 58. தீர்க்க வேறுபாடு 81. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் 81-ஐக் கொசைன் 10.3 பாகையால், அதாவது 0.984-ஆல் பெருக்க வேண்டும், 80 வரும். சிறு பரப்பாதலால் சமதளமாகவே கொள்ளலாம். பித்தாகரஸ் தேற்றப்படி கர்ணம் 99. ஒரு கோண நிமிடம் ஒரு கடல் மைல், 1.852 கி.மீ.; ஆக, 183 கி.மீ.

ஏ.டி.ஆர். விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. பறக்கும். விடை 22 நிமிடம். அட்டவணையோ ஏறத்தாழ ஒரு மணி என்றது! இரு நாட்டுக் கடிகாரமும் ஒன்றே.

1990-இல் படகேறி வந்த யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். "எவ்வளவு நேரம் எடுக்கும், தம்பி?" என்று கேட்டார். எங்கள் தெருவில் கல்லூரிக்கு வந்தவன் நான் ஒருவன்தான். 22 என்று சொல்ல மனம் வரவில்லை.

அட்டவணை நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்வதும், எதிர்காற்றில் இறங்க வளைந்து வருவதும் அதில் அடக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் 500 வராது. இக்குறுந்தூரத்தில் முழு வேகம் எட்டியதும் இறங்க வேண்டியதுதான்.

ஒரு மணி என்றே பாட்டியிடம் சொன்னேன். படகில் ஓர் இரவு முழுக்க ஆயிற்றாம்.