மாடி அறைக்கு எட்டாத வைஃபை

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் வீடு மாமனார் காலத்தில் கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம். பிறகு மாடியில் இரண்டு அறைகள் எடுத்தோம். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. இணைப்பு கொடுக்க வந்தவர் மோடத்தை முன்னறையில், டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டி வைத்துவிட்டுப் போனார். கீழே ஹாலில் நன்றாகத்தான் வருகிறது. மாடியில் பின்பக்க அறையில் மகள் ஆன்லைன் வகுப்புக்கு உட்கார்ந்தால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. அவள் பேசுவது ஆசிரியருக்கு விட்டு விட்டுக் கேட்கிறதாம். 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறுங்கள் என்கிறார் இணைப்பு கொடுத்தவர். ரிப்பீட்டர் வாங்கிப் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

— வாசகி ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் பணம் கொடுக்காதீர்கள். கோளாறு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

லேப்டாப்பை லேன் கேபிளில் மோடத்தோடு நேராக இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். கேபிள் இல்லாவிட்டால் மோடத்துக்குப் பக்கத்திலேயே நின்று, போனை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்துச் சோதிக்கலாம். 90-ஐ ஒட்டி வந்தால் திட்டத்திலும் ஃபைபரிலும் குறையில்லை. அங்கேயே 20, 30 என்று தடுமாறினால் அதைச் சரிசெய்ய வேண்டியது நிறுவனம்தான்; உடனே புகார் பதியுங்கள். ஹாலில் நன்றாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும். அப்படியானால் 200-க்கு மாறினாலும் மகளின் அறையில் எதுவும் மாறாது. ஒரு வீடியோ வகுப்புக்கு 4 எம்பிபிஎஸ் கிடைத்தாலே தாராளம். அதைப்போல இருபத்தைந்து மடங்குக்கு ஏற்கெனவே பணம் கட்டுகிறீர்கள். வாங்கியது மாடி ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஏன் ஏறவில்லை? மோடத்தை ஒரு குண்டு பல்பாக நினைத்துக்கொள்ளுங்கள். மாடிக்கு வெளிச்சம் வேண்டும் என்றால் அதை முன்னறையில் பீரோவுக்குப் பக்கத்தில் மாட்டுவீர்களா? இரும்பு ரேடியோ அலையைத் திருப்பி அடிக்கிறது. ரசம் பூசிய கண்ணாடியும் அப்படித்தான். செங்கல் கொஞ்சம் விழுங்கும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அதைவிட அதிகமாக விழுங்கும். முன்னறையிலிருந்து மாடியின் பின்பக்கத்துக்கு அலை சாய்வாகப் போக வேண்டியிருக்கிறது. ஒன்பது அங்குலச் சுவரைச் சாய்வாகக் கடக்கும்போது, அதற்கு அது ஓரடிக்கும் மேற்பட்ட சுவர்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் வைஃபையின் வலுவை அளந்து காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. அளவு டிபிஎம் என்ற கணக்கில், கழித்தல் குறியோடு வரும். மோடத்தின் அருகே -40 இருக்கலாம். -67 வரை வீடியோ அழைப்பு தடையில்லாமல் ஓடும். -75-ஐத் தாண்டினால் தடுமாறும். -80-ல் இணைப்பு இருப்பதாகக் காட்டும், வேலை நடக்காது. இந்தக் கணக்கில் 3 குறைந்தால் வலு பாதி. 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. போனைக் கையில் வைத்துக்கொண்டு முன்னறை, படிக்கட்டு, மாடி வராந்தா, மகளின் அறை என்று மெதுவாக நடந்து, ஒவ்வோர் இடத்திலும் வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சுவரைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ, அங்கேதான் உங்கள் சிக்கல் இருக்கிறது.

மகளின் குரல் விட்டு விட்டுக் கேட்பதற்கும் காரணம் உண்டு. மோடம் அனுப்புவது லேப்டாப்புக்கு எட்டினால் மட்டும் போதாது; லேப்டாப் அனுப்புவதும் மோடத்துக்கு எட்ட வேண்டும். லேப்டாப்பும் போனும் பெரும்பாலும் மோடத்தைவிடக் குறைந்த வலுவில்தான் அனுப்பும். நான்கு ஆன்டெனா உள்ள பெரிய ரூட்டர் வாங்கியும் பலருக்குக் குறை முழுதாகத் தீராததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனிச் செய்ய வேண்டியவை. முதலில் செலவில்லாதவை.

மோடத்தை டிவிக்குப் பின்னாலிருந்து எடுங்கள். பீரோவை விட்டு விலக்கி, ஆள் உயரத்துக்கு மேல், சுவரில் ஸ்டாண்டு அடித்து வையுங்கள். படிக்கட்டை ஒட்டி வைக்க முடிந்தால் மிகவும் நல்லது. தளத்தில் அலைக்குத் திறந்திருக்கும் ஒரே வழி படிக்கட்டுதான். தூரம் அதிகமென்றால் ஃபைபரை நீங்களே இழுக்காதீர்கள். அதற்குள் இருப்பது கண்ணாடி இழை, ஒடித்து மடக்கினால் போயிற்று. இணைப்பு கொடுத்தவரையே அழைத்து மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது அலைவரிசை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் சுவர் தாண்டிப் போகும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, இப்போதைக்கு மகளின் லேப்டாப்பை 2.4-ல் இணைத்துப் பாருங்கள். அதில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களே ஒன்றோடொன்று மோதாதவை. அக்கம்பக்கத்து வீடுகள் எதில் நெரிசலாக இருக்கின்றன என்பதை அந்தச் செயலியே காட்டும், காலியானதைத் தேர்ந்தெடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. வகுப்பு நேரத்தில் அது ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு மகளின் அறையில் -67 வந்துவிட்டால் வேலை முடிந்தது. உங்கள் வீட்டின் கட்டுமானத்தைப் பார்த்தால் வராமல் போகவும் வாய்ப்பு உண்டு.

அப்போது ரிப்பீட்டர் வாங்கலாமா? எல்லோரும் செய்யும் தவறு, அதைக் கொண்டுபோய் வைஃபை வராத அறையிலேயே செருகுவது. அதற்கே அங்கே சரியாகக் கேட்காதபோது, எதைத் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், வலு இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் மலிவான ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு அது போதும். சொந்த வீட்டில் இருக்கும் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது ஒரு கேபிள். கீழே மோடத்திலிருந்து மாடிக்கு ஒரு கேட்-6 கேபிள் இழுத்து, அதன் முனையில் ஓர் ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் பெட்டி, வையுங்கள். 100 மீட்டர் வரை இந்தக் கேபிளில் 1 ஜிபிபிஎஸ் குறையாமல் போகும். சுவரும் தளமும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் விற்கிறது, அது வேண்டாம். கரண்ட் வயர் போகும் பைப்புக்குள் இதை நுழைக்க எலக்ட்ரீஷியனை விடாதீர்கள். பாதுகாப்புக்காகத் தனிப் பைப் போடச் சொல்லுங்கள். வெயில் படும் வெளிச்சுவர் வழியாகப் போனால் வெளிப்புறத்துக்கான கேபிளாக இருக்க வேண்டும்.

புதிய ஆக்சஸ் பாயின்ட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பரணில் பழைய ரூட்டர் கிடந்தால் அதுவே போதும். செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அதன் ஐபி முகவரியை மோடத்தோடு மோதாதபடி மாற்றி, சாதனங்களுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி-யை அணைத்துவிட்டு, கேபிளை லேன் துளையில் செருகுங்கள். இரண்டு பெட்டிக்கும் வைஃபை பெயர், கடவுச்சொல் ஒன்றாக இருக்கட்டும், சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும்.

கேபிள் இழுக்க வழியே இல்லையென்றால் மட்டும், ஒன்றோடொன்று வைஃபையிலேயே பேசிக்கொள்ளும் இரண்டு பெட்டிகள் கொண்ட மெஷ் ரூட்டர் வாங்குங்கள். அதில் இரண்டாவது பெட்டியை மகளின் அறையில் வைக்காமல், மாடிப் படி முடியும் இடத்தில் வையுங்கள்.

கேபிள் வழியாக மாடிப் பெட்டி வைத்துவிட்டால் இன்னொன்றும் செய்யலாம். அதில் மிச்சமிருக்கும் லேன் துளை ஒன்றில் மகளின் லேப்டாப்பைக் கேபிளால் நேராக இணைத்துவிடுங்கள். ஆன்லைன் தேர்வு நாளில் அவளுக்கு வைஃபையின் தயவே தேவைப்படாது.