பழைய கார் வாங்கப் போறீங்களா? போனைக் கேளுங்க, ஆர்.சி.யையும் கேளுங்க!



கல்வராயன் மலையில் கார் என்பது ஆடம்பரம் இல்லை. ராத்திரி நேரத்தில் வெள்ளிமலையில் இருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஒருவரை இறக்க வேண்டும் என்றால்தான் அதன் அருமை தெரியும். அதனால் பழைய கார் வாங்கக் கடன் கேட்கும் உறுப்பினர்கள் இப்போது அதிகம். ஒரு புடவைக்கு நாலு கடை ஏறி இறங்குகிற நாம், லட்சக்கணக்கில் வண்டி வாங்கும்போது மட்டும் புரோக்கர் சொன்ன விலையை அப்படியே நம்பிவிடலாமா?

நடந்ததைச் சொல்கிறேன். மலையில் 12 பேர் உள்ள ஒரு குழு. ஓர் உறுப்பினரின் குடும்பத்துக்குக் கார் வாங்கக் கடன் கொடுக்கப் பேசி முடித்திருந்தார்கள். புரோக்கர் கேட்ட விலை ரூ.2,60,000. "மேடம், வண்டி சும்மா குதிரை மாதிரி இருக்கு. நாளைக்கே அட்வான்ஸ் கொடுத்துடட்டுமா?" என்று ஊக்குநர் கேட்டார். "ஒரு நாள் பொறுங்க அக்கா, கணக்குப் பார்ப்போம்" என்றேன். குழுக் கூட்டத்திலேயே போனை எடுத்தோம்.

முதல் படி: போனில் விலை பார்ப்பது

கார்வாலே, கார்தேக்கோ, ஆரஞ்சு புக் வேல்யூ போன்ற தளங்களில் பழைய காரின் விலையை மதிப்பிடலாம். அமெரிக்காவில் 1926லேயே 'புளூ புக்' என்று இதற்காகப் புத்தகம் போட்டார்கள். இப்போது அந்த வேலை நம் கைபோனுக்கு வந்துவிட்டது.

இந்தத் தளங்கள் கேட்பது இவைதான்: கம்பெனி, மாடல், பெட்ரோலா டீசலா, எந்த வருடம், எத்தனை கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், எந்த ஊர். நம்ம ஊர் பட்டியலில் இல்லை என்றால் சேலம் என்று போட்டுப் பாருங்கள். வருடத்தை வாய்ச்சொல்லாகக் கேட்காமல் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துப் போடுங்கள். ஒரு வருடம் மாறினாலும் விலை மாறும்.

ஒரே விலை வராது. ஓனரிடம் நேராக வாங்கினால் ஒன்று, டீலரிடம் வாங்கினால் கூடுதலாக ஒன்று என்று வரும். இரண்டு தளத்திலாவது பார்த்து நோட்டில் எழுதுங்கள். மலையில் சிக்னல் கிடைக்காது, அதனால் கீழே கச்சிராயபாளையம் வரும்போதே பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இன்டர்நெட் இல்லாமலும் ஒரு வழி உண்டு. இன்சூரன்ஸ் தாளில் 'ஐ.டி.வி.' என்று ஒரு தொகை இருக்கும். கம்பெனி விலையில் இருந்து, 1 முதல் 2 வருட வண்டிக்கு 20%, 2 முதல் 3 வருடத்துக்கு 30%, 3 முதல் 4 வருடத்துக்கு 40%, 4 முதல் 5 வருடத்துக்கு 50% கழித்துப் போடும் கணக்கு அது. சந்தை விலை இதிலிருந்து கொஞ்சம் கூடும், குறையும். ரொம்பத் தள்ளி இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அந்தக் குழுவுக்குப் போன் காட்டிய விலை ரூ.3,10,000. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். "அம்பதாயிரம் லாபம் மேடம்!" என்றார்கள்.

இரண்டாம் படி: ஏன் குறைவு?

விலை அதிகமானால் பேரம் பேசலாம். விலை ரொம்பக் குறைந்தால்தான் பயப்பட வேண்டும். மத்திய அரசின் 'எம்பரிவாகன்' செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தோம். இன்சூரன்ஸ் முடிந்திருந்தது. அதைவிட முக்கியம், வண்டிமேல் பைனான்ஸ் கடன் நிலுவையில் இருந்தது! அன்றைக்குப் பணம் கொடுத்திருந்தால், கடன் கொடுத்த கம்பெனி வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கும். ரூ.2,60,000 போயிருந்தால் 12 பேருக்கும் தலைக்கு ரூ.21,000க்கு மேல் சுமை. கடன் வாங்கியவர் ஒருவர், வங்கிக்குப் பதில் சொல்வது குழு.

"பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் பாரம் 35ம் கொண்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று சொன்னோம். அந்தப் புரோக்கர் அதன்பின் வரவே இல்லை.

மூன்றாம் படி: மெக்கானிக்

வண்டியின் உடம்பு போனுக்குத் தெரியாது. தெரிந்த மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு, மலைப்பாதையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பிரேக்கும் கிளட்சும் அங்கேதான் உண்மை சொல்லும். அதே குழு அடுத்து ஒரு வண்டி பார்த்தது. அதற்கும் போன் விலை ரூ.3,10,000. நாலு டயரும் தேய்ந்திருந்தன. மாற்ற ரூ.20,000 ஆகும் என்றார் மெக்கானிக். அதைக் கழித்து ரூ.2,90,000க்கு முடித்தார்கள். ஆர்.சி.யில் கடன் இல்லை.

மறக்கக் கூடாதவை

* பாரம் 29, 30ல் விற்பவரிடம் கையெழுத்து வாங்கி, உடனே பெயர் மாற்றுங்கள். வாங்குபவருக்குச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள். விற்பவரும் சும்மா இருக்கக் கூடாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.
* 'பி.ஒய்.' என்று தொடங்கும் புதுச்சேரி வண்டி மலிவாகத் தெரியும். அங்கிருந்து என்.ஓ.சி. வாங்க வேண்டும், தமிழ்நாட்டு சாலை வரியும் கட்ட வேண்டும். அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.
* வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டக் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சிக்கலாகும்.
* "ராணுவத்தில் இருக்கேன், அவசரமா விக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புங்க" என்று போன் வந்தால் நம்பாதீர்கள். ஓ.டி.பி. யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள்.

குழுவில் கலந்து பேச:

1. போன் விலையைவிட ஒரு வண்டி மிகவும் மலிவாக வந்தால் நாம் என்னென்ன கேட்க வேண்டும்?
2. வண்டிக் கடன் தீர்மானம் எழுதும் முன், விலைத் தாள், ஆர்.சி. விவரம், மெக்கானிக் கருத்து மூன்றும் வேண்டும் என்று நம் குழுவில் விதி வைக்கலாமா?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். போன் பார்க்கத் தெரியாத அக்காவுக்கு, தெரிந்த தங்கை பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுங்கள். ஒரு நாள் பொறுத்ததில் ஒரு குழு தப்பித்தது. நாமும் பொறுத்துப் பார்த்து வாங்குவோம்.