எஞ்சின் ஓடுகிறது, டிராக்டர் நகரவில்லை: காரணம் எங்கே?

நாற்று நடவுக்குத் தயாராக நிற்கிறது. வாய்க்காலில் தண்ணீரும் வந்துவிட்டது. டிராக்டரை வயலில் இறக்கி இரண்டு சால் ஓட்டியிருப்பீர்கள். மூன்றாவது சாலில் எஞ்சின் வழக்கம் போல் ஓடிக்கொண்டிருக்க, வண்டி மட்டும் நின்றுவிடுகிறது. கியரை மாற்றிப் போட்டாலும் நகரவில்லை. எரிபொருளைக் கூட்டினால் சத்தந்தான் கூடுகிறது. "கியர் பெட்டி போய்விட்டது" என்று அருகில் நிற்பவர் ஒருவர் சொல்லிவிடுவார். அதைக் கேட்டு வண்டியைப் பிரித்துவிட்டால் பல நாட்கள் வேலை கெடும். அதற்கு முன்பாகக் காரணம் எங்கே இருக்கிறது என்பதை ஓரளவு நீங்களே கண்டறிய முடியும்.

டிராக்டரில் எஞ்சினின் சுழற்சி பிளைவீல், கிளட்ச், கியர் பெட்டி, டிபரன்சியல், ஆக்சில் என்ற வரிசையில் பின் சக்கரத்தை அடைகிறது. இதை மதகிலிருந்து கடைமடை வரை செல்லும் வாய்க்காலைப் போல எண்ணிக்கொள்ளுங்கள். வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். வழியில் கரை உடைந்து தண்ணீர் வீணே போயிருக்கலாம். அல்லது மடையில் அடைப்பு இருக்கலாம். டிராக்டரிலும் இதே இரண்டு வகைதான் உண்டு.

முதலில் காதால் கேளுங்கள்

வண்டியைச் சமதளமான கெட்டித் தரையில் நிறுத்தி, முன்னும் பின்னும் ஆட்களை விலக்கிவிட்டு, தாழ்ந்த கியரைப் போட்டுக் கிளட்ச் பெடலை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி, வேகம் குறைந்து, நின்றுவிடப் பார்க்கிறதா? அப்படியானால் விசை சக்கரம் வரை போய்ச் சேருகிறது. சக்கரத்தை ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது. நிறுத்து பிரேக்கின் கொக்கி மாட்டியபடியே இருக்கலாம். சேறு புகுந்து பிரேக் இறுகியிருக்கலாம். ஒரே சமயத்தில் இரண்டு கியர்கள் விழுந்திருந்தாலும் எஞ்சின் இப்படித்தான் அடங்கும்.

எஞ்சின் சத்தம் சிறிதும் மாறவில்லையென்றால் கரை உடைந்த கதைதான். சுழற்சி வழியில் எங்கோ அறுந்து போகிறது. பெரும்பாலான உழவர்கள் சந்திப்பது இந்த இரண்டாவது வகையே.

செலவில்லாத காரணங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் இப்படி நின்ற டிராக்டரைப் பார்க்க நேர்ந்தது. வண்டிக்காரர் காலையிலிருந்து காத்திருந்து, பக்கத்து ஊரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். வந்தவர் இருக்கையில் ஏறி அமர்ந்து, ஹை–லோ லீவரை ஒரு தட்டுத் தட்டினார். வண்டி நகர்ந்தது. முதல் நாள் மாலை பிள்ளைகள் ஏறி விளையாடியதில் அந்த லீவர் நடுவில் நின்றிருக்கிறது. முதன்மைக் கியரை எத்தனை முறை போட்டாலும், ஹை–லோ லீவர் நடுநிலையில் இருந்தால் விசை பின்னே போகாது. இப்பொழுது வரும் சில டிராக்டர்களில் முன்னும் பின்னும் செல்வதற்கென்று தனியாக ஒரு லீவர் உண்டு. அதற்கும் நடுநிலை இருக்கிறது. ஆகவே முதலில் எல்லா லீவர்களையும் பாருங்கள். இதைச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டுமா என்று நினைக்காதீர்கள். அவசரத்தில் அனுபவசாலிகளே இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, கிளட்ச் பெடல் முழுவதுமாக மேலே வருகிறதா என்று கையால் தூக்கிப் பாருங்கள். சேற்றுழவில் மண்ணும் வைக்கோலும் பெடலின் அடியில் சேர்ந்து இறுகிவிடும். பெடலை இழுக்கும் ஸ்பிரிங் அறுந்திருந்தாலும் பெடல் பாதியிலேயே நிற்கும். நீண்ட நாட்கள் வண்டியை நிறுத்தும்போது பெடலை அழுத்தி வைக்க மாட்டிய கட்டையையோ கொக்கியையோ எடுக்க மறந்தவர்களும் உண்டு.

கிளட்ச் வழுக்குதல்

இவையெல்லாம் சரியாக இருந்தால் கிளட்ச்சின் மீது சந்தேகம் கொள்ளுங்கள். பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் தட்டை ஸ்பிரிங்குகள் இறுக்கிப் பிடிக்கின்றன. அந்தப் பிடியினால்தான் வண்டி ஓடுகிறது. பிடி தளர்ந்தால் தட்டு வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூட்டில் மேலும் தேயும்.

பிடி தளருவதற்கு முதற்காரணம் பெடலில் சும்மா ஆடும் இடைவெளி இல்லாமற் போவதே. பெடலை விரலால் அழுத்தினால், எதிர்ப்புத் தெரிவதற்கு முன் சிறிது தூரம் அது தளர்வாக இறங்க வேண்டும். பல டிராக்டர்களில் இது ஏறக்குறைய 25 மி.மீ. இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது அதன் கையேட்டில் உள்ளது. தட்டு தேயத் தேய இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். இடைவெளி முழுவதும் போய்விட்டால், நீங்கள் காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பேரிங் உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும். பெடலின் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கமும் இதே கெடுதலைச் செய்கிறது. கூலிக்கு ஓட்டும் ஓட்டுநர்களிடம் இப்பழக்கம் அதிகம். கண்டித்துச் சொல்லத் தயங்க வேண்டாம். இடைவெளி மட்டுமே குறைந்திருந்தால், பெடலின் கம்பியிலுள்ள நட்டைத் தளர்த்திக் கம்பியின் நீளத்தை மாற்றிச் சரிசெய்துவிடலாம்.

இரண்டாவது காரணம் எண்ணெய். கிளட்ச் கூட்டின் அடிப்பாகத்தில் உள்ள வடிதுளையைக் குனிந்து பாருங்கள். அங்கிருந்து கறுத்த எண்ணெய் கசிந்தால் எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் போயிருக்கலாம். தடித்து, கந்தக வாடை வீசினால் அது கியர் பெட்டியிலிருந்து வருகிறது. எண்ணெய் ஊறிய தட்டைக் கழுவிப் பயனில்லை. சீலை மாற்றாமல் தட்டை மட்டும் மாற்றினாலும் பணம் வீண். சில டிராக்டர்களில் இந்தத் துளையைச் சேற்றுழவின்போது அடைப்பதற்கு ஒரு திருகாணி தந்திருப்பார்கள். சேற்று வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே புகுந்த நீரும் கசியும் எண்ணெயும் வெளியேற வழியின்றித் தேங்கும்.

கிளட்ச் வழுக்குகிறதா என்று உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. கெட்டித் தரையில் பிரேக்கை நன்றாக அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரைப் போட்டு, எஞ்சினை நடுத்தர வேகத்தில் வைத்துக் கிளட்ச்சை விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் உடனே அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டேயிருந்தால் தட்டு வழுக்குகிறது. இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேல் இதைச் செய்யாதீர்கள். இருக்கும் தட்டும் கருகிவிடும்.

தள்ளிப் பார்த்தல்

வழுக்குகிறதா, முற்றிலும் அறுந்துவிட்டதா என்பதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, நடுநிலையில் வைத்து நான்கைந்து பேர் வண்டியைச் சமதளத்தில் தள்ளுங்கள். ஒருவர் பிரேக்கில் கால் வைத்தபடி இருக்கையில் இருக்கட்டும். வண்டி உருளும். பிறகு தாழ்ந்த கியரைப் போட்டுக் கிளட்ச்சை விட்டபடி மறுபடியும் தள்ளுங்கள். அசைய மறுத்தால் உள்ளே எல்லாம் இணைந்தே இருக்கிறது. கிளட்ச் பிடி தளர்ந்ததுதான் குறை. முன்போலவே தாராளமாக உருண்டால் இணைப்பு அறுந்திருக்கிறது. கிளட்ச் தட்டின் நடுப்பகுதி பிய்ந்திருக்கலாம், கியர் விழாமல் இருக்கலாம், அல்லது ஆக்சில் முறிந்திருக்கலாம்.

கியர் லீவரின் உணர்ச்சியைக் கையில் கவனியுங்கள். பானைக்குள் அகப்பையைப் போல் எந்தப் பக்கமும் தடையின்றிச் சுழன்றால், லீவரின் அடிமுனை அதன் பள்ளத்திலிருந்து விலகியிருக்கிறது என்று பொருள். மேல்மூடியைக் கழற்றி இதைச் சரிசெய்யலாம். பெட்டி முழுவதையும் இறக்க வேண்டியதில்லை.

பி.டி.ஓ. சுற்றுகிறதே, ஆகவே கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று சிலர் முடிவு செய்வார்கள். இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டிகளில் பி.டி.ஓ.வுக்குத் தனித் தட்டு உண்டு. அது சுற்றுவதை வைத்து ஓட்டத் தட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஒற்றைக் கிளட்ச் வண்டியிலும், வெறும் ஷாப்டைச் சுழற்றுவதற்குத் தேய்ந்த தட்டே போதும். ஆனால் அத்தகைய வண்டியில் பி.டி.ஓ.வைப் போட்டும் ஷாப்ட் சுற்றவேயில்லையென்றால் குறை கிளட்ச்சின் பக்கம் என்று கொள்ளலாம்.

ஆக்சில் முறிந்தால் ஒரு சந்தேகம் எழும். ஒரு பக்க ஆக்சில்தானே முறிந்தது, மறுபக்கச் சக்கரம் ஏன் இழுக்கவில்லை? டிபரன்சியலின் இயல்பு அப்படி. எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கமே சுழற்சி ஓடிவிடும். முறிந்த பக்கத்தில் தடையே இல்லை. இந்நிலையில் டிபரன்சியல் லாக்கை அழுத்தினால் பெரும்பாலும் நல்ல சக்கரம் இழுத்து வண்டி நகரும். அதுவே ஆக்சில் முறிவுக்கு அடையாளம். நேராகச் சில அடிகள் மட்டும் நகர்த்திப் பாருங்கள்; லாக் போட்டபடி திருப்பக் கூடாது. கல்லை அரைப்பது போன்ற சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். உடைந்த பல் மற்ற பற்சக்கரங்களுக்கு நடுவில் போய் அவற்றையும் உடைக்கும்.

சேற்றில் புதைந்தால்

சக்கரம் சுழன்றும் வண்டி நகரவில்லையென்றால் அது பழுதல்ல, புதைவு. இங்கேதான் உயிருக்கு ஆபத்து. பின் சக்கரங்களின் முன்னால் மரக்கட்டையை வைத்து, அல்லது சக்கரத்தோடு சேர்த்துக் கட்டி, வேகத்தைக் கூட்டி ஏற முயல்வதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். சக்கரம் சுழல முடியாதபடி கட்டை தடுத்துவிட்டால், எஞ்சினின் விசை முழுவதும் வண்டியின் முன்பாகத்தைத் தூக்கும். ஓட்டுபவர் குதிப்பதற்குள் டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். கலப்பையைக் கழற்றுங்கள், சக்கரத்தைச் சுற்றியுள்ள சேற்றைத் தோண்டி எடுங்கள், பின்கியரில் மெதுவாக வெளியே வாருங்கள். முடியாவிட்டால் வேறொரு டிராக்டரைக் கொண்டு இழுக்கச் செய்யுங்கள்.

மெக்கானிக்கை அழைக்கும்போது நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: எஞ்சின் திணறியதா இல்லையா, தள்ளியபோது உருண்டதா, எந்த எண்ணெய் கசிந்தது, கருகல் வாடை வந்ததா. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியாக இருந்தால் நீங்களாக எதையும் பிரிக்க வேண்டாம். கிளட்ச் தட்டை மாற்றுவதற்கு டிராக்டரை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். கூலியில் பெரும்பகுதி அதற்கே போகிறது. எனவே பிரித்த கையோடு ரிலீஸ் பேரிங்கையும் இரு பக்க ஆயில் சீல்களையும் மாற்றச் சொல்லுங்கள். பிளைவீலின் முகத்தில் வெடிப்போ நீலம் பாய்ந்த தடமோ இருக்கிறதா என்று நீங்களும் அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.