ஒரே கட்டளையில் ஒரு மேகம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்)

மேகம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது மழை தரும் மேகமே. கணினி உலகிலும் ஒரு மேகம் உண்டு. பல கணினிகளின் செயலாற்றலையும் சேமிப்பிடத்தையும் ஒன்றுதிரட்டி, வேண்டுவோர்க்கு வேண்டிய அளவு பங்கிட்டுத் தரும் முறையே அது. இப்பணியைச் செய்யும் திறந்த மூல மென்பொருள்களுள் குறிப்பிடத்தக்கது ஓப்பன்ஸ்டாக். நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் 2010-ஆம் ஆண்டு இதனைத் தொடங்கின. அணுத்துகள் ஆராய்ச்சி நடைபெறும் செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் இதைப் பயன்படுத்தி வருகிறது. காசின்றி எவரும் பெறலாம் என்பது நம்மைப் போன்ற மாணவர்க்கு நற்செய்தி.

ஓப்பன்ஸ்டாக் பல உறுப்புகளின் கூட்டு. உள்ளே வருபவர் யாரெனச் சரிபார்ப்பது கீஸ்டோன். இயங்குதளப் படிமங்களைக் காப்பது கிளான்ஸ். மெய்நிகர்க் கணினிகளை உருவாக்குவது நோவா. வலையிணைப்புத் தருவது நியூட்ரான். அனைத்தையும் திரையில் காட்டுவது ஹொரைசன். இவற்றைக் கையால் நிறுவ நாட்கள் பல ஆகும். அச்சுமையைக் குறைக்க எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்பே டெவ்ஸ்டாக். உபுண்டு கணினியில் ‘ஸ்டாக்’ என்னும் பயனரை ஏற்படுத்தி, ‘லோக்கல்.கான்ஃப்’ கோப்பில் நான்கு கடவுச்சொற்களை எழுதி, ‘ஸ்டாக்.எஸ்எச்’ என்பதை இயக்கினால் போதும்.

நானும் முயன்றேன். முழு அதிகாரமுள்ள ‘ரூட்’ பயனராக இயக்கியபோது அது மறுத்துவிட்டது. இரண்டாம் முறை இணையம் அறுந்தது. மூன்றாம் முறை முடிந்தது. பெருமையோடு ஆசிரியரிடம் காட்டினேன். “அந்த அரைமணி நேரத்தில் உள்ளே என்ன நடந்தது?” என்று கேட்டார். விடை தெரியாமல் நின்றேன்.

என் தந்தையார் கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அன்றிரவு அவரிடம், “ஒரு கட்டளைதான் கொடுத்தேன் அப்பா, எல்லாம் தானாகவே நடந்துவிட்டது” என்றேன். “அப்போ நீ எதுக்குப்பா?” என்றார். கேலியாக அன்று, அறிந்துகொள்ளவே கேட்டார்.

அக்கேள்வி என்னை உறங்கவிடவில்லை. மறுநாள் அத்தொகுப்பைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். முதலில் தேவையான பொதிகள், பின்னர்த் தரவுத்தளமும் செய்தி பரிமாறும் மென்பொருளும், அதன்மேல் கீஸ்டோன், அதற்குப் பின்னரே மற்றவை. அஸ்திவாரம் போட்டுச் சுவர் எழுப்பிய பிறகே தளம் என்னும் அப்பாவின் முறைதான் இதுவும். இன்னொன்றும் கண்டேன். ஓர் அடி தவறினாலும் தொகுப்பு அங்கேயே நின்றுவிடும். குறையை மூடிவிட்டு மேலே செல்லாது.

சென்ற மாதம் நண்பன் ஒருவனுக்கு ஓட்டம் நடுவில் நின்றது. பதிவின் கடைசி வரிகளைப் பார்த்து, வட்டில் இடமில்லை என்று சொன்னேன். அப்பாவின் கேள்விக்கு அன்றுதான் விடை கிடைத்தது.

முயல விரும்பும் நண்பர்களுக்கு ஒரு சொல். டெவ்ஸ்டாக் கணினியின் அமைப்பைப் பெரிதும் மாற்றிவிடும். ஆகவே இதற்கென ஒதுக்கிய கணினியிலேயே நிறுவுக. இது கற்பதற்கும் சோதிப்பதற்கும் உரியது. அன்றாட அலுவலுக்கு அன்று.

கட்டளையை இயக்குவது எளிது. இயக்கியபின் அதனைத் திறந்து படிப்போம். அதுவே நம் படிப்பு.